எம்.எல்.பி. டிவி சந்தா: வர்ணனைக்காக வாங்கியவன் சொல்வது

பிட்ச் வேகம், பேட்டிங் சராசரி இதையெல்லாம் அலசுகிறவர்களுக்கு இந்த விமர்சனம் அவ்வளவாக உதவாது. எம்.எல்.பி. டிவி என்பது அமெரிக்கப் பெரிய லீக் பேஸ்பால் ஆட்டங்களை இணையத்தில் காட்டும் சேவை; நான் இந்தச் சந்தாவை வாங்கியது வர்ணனை கேட்க. அதிலும், அப்பா உட்கார்ந்து பேசிய அதே தொழிலில், அப்பா போனபிறகு உட்கார்ந்து பேசும் மகன்களைக் கேட்க. பேஸ்பாலில் இது ஒரு தனி ரகம். வாரிசு என்றாலே முகம் சுளிக்கும் ஆள்தான் நான், ஆனால் இங்கே வாரிசாக இருப்பது அத்தனை சுலபம் இல்லை. ஒரு பருவத்துக்கு 162 ஆட்டம், ஒவ்வொன்றும் இரண்டரை மணி நேரத்துக்கு மேல், அப்பாவைக் கேட்டு வளர்ந்த ஊரே ஒவ்வொரு வாக்கியத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும்.

இந்தச் சேவையில் எனக்குப் பிடித்தது ஒரே ஒரு வசதி. பெரும்பாலான ஆட்டங்களுக்கு இரண்டு ஒளிபரப்பும் கிடைக்கும், உள்ளூர் அணியுடையது ஒன்று, வெளியூர் அணியுடையது ஒன்று. வேண்டுமானால் படத்தை டிவியிலிருந்தும் குரலை வானொலியிலிருந்தும் எடுத்துக்கொள்ளலாம். ஆட்டம் முடிந்தபிறகு பதிவு இருக்கும், நேரமில்லாதவர்களுக்குச் சுருக்கியதும் இருக்கும். சுருக்கியதைத் தொடாதீர்கள், வர்ணனையின் சுவையே பந்துக்கும் பந்துக்கும் இடையில் பேசும் வெட்டிப் பேச்சில்தான் இருக்கிறது.

நான் முதலில் போய் நின்றது செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் ஒளிபரப்பில், 2023இலிருந்து அங்கே இருக்கும் சிப் கேரேக்காக. தாத்தா ஹாரி கேரே பிறந்த ஊர் அது, 1945 முதல் 1969 வரை கார்டினல்ஸின் குரலாக இருந்தவர் அவர்தான், பிறகுதான் சிகாகோ போய்ப் பெரும்புகழ் அடைந்தார். அப்பா ஸ்கிப் கேரே அட்லாண்டா பிரேவ்ஸின் குரல். 1991 மே மாதம் மூன்று தலைமுறையும் ஒரே ஆட்டத்தை வர்ணனை செய்திருக்கிறது. 1998இல் தாத்தாவோடு சேர்ந்து சிகாகோ அணியான கப்ஸின் ஆட்டங்களைச் சொல்லவேண்டும் என்று சிப் ஒப்பந்தம் ஆனார், பருவம் தொடங்குவதற்கு முன்னால் பிப்ரவரியிலேயே ஹாரி போய்விட்டார். பிறகு அப்பா இருந்த அட்லாண்டாவுக்கு வந்தார், 2008இல் அப்பாவும் போய்விட்டார், அதன்பின்னும் 2022 வரை அங்கேயே சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது சிப்பின் இரட்டை மகன்களும் இதே வேலையில். ஒருவர் 2024இல் ஏ'ஸ் அணிக்கு வந்துவிட்டார். சிப்பின் குரல் கொஞ்சம் எகிறும் குரல், எனக்கு அடங்கிய குரல்தான் பிடிக்கும், அது என் ருசி. ஆனால் தாத்தா உற்சாகத்தில் கத்தும் 'ஹோலி கௌ'வை எடுத்துத் தன் முத்திரை ஆக்கிக்கொள்ளாமல் இருப்பதற்கே அவருக்கு ஒரு நட்சத்திரம் கூடப் போடுவேன்.

ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் பக்கம் போனால் டாட் கேலஸ். இவர் அப்பா ஹாரி கேலஸ் பிலடெல்பியா பில்லீஸின் குரலாகப் பல பத்தாண்டுகள் இருந்தவர், 2009 ஏப்ரலில் வாஷிங்டன் மைதானத்தில் ஆட்டத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது வர்ணனை அறையிலேயே மயங்கி விழுந்து இறந்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் உலகத் தொடரில், அதாவது கோப்பைக்கான இறுதித் தொடரில், அப்பா பில்லீஸ் பக்கம், மகன் டாம்பா பே ரேஸ் பக்கம். மகன் 2017இல் ஹூஸ்டனுக்கு வந்தார். அப்பா 1965இல் பெரிய லீக் வாழ்க்கையைத் தொடங்கியதும் அங்கேதான். அப்பாவின் கனத்த குரல் இவருக்குக் கிடையாது, நடிக்கவும் இல்லை. நிதானமாக, தெளிவாகச் சொல்கிறார். காலை வேலைக்கு நடுவே ஓடவிட்டுக் கேட்க என் தேர்வு இவர்தான்.

அப்புறம் ஜோ பக். இவரை இந்தச் சந்தாவில் தேடினால் அதிகம் கிடைக்க மாட்டார், ஆனால் இவரை விட்டுவிட்டு இந்த விஷயத்தைப் பேசமுடியாது. அப்பா ஜேக் பக் 2002 ஜூனில் இறந்தார். 1991 உலகத் தொடரின் ஆறாவது ஆட்டம், 11ஆவது இன்னிங்ஸ், மினசோட்டாவின் கர்பி பக்கெட் சுவரைத் தாண்டும் ஹோம் ரன் அடிக்கிறார், தொடர் கடைசியான ஏழாவது ஆட்டத்துக்குப் போகிறது, ஜேக் சொன்னது இவ்வளவுதான்: நாளை இரவு சந்திப்போம். சரியாக 20 ஆண்டு கழித்து, 2011, மறுபடி ஆறாவது ஆட்டம், மறுபடி 11ஆவது இன்னிங்ஸ். டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் இரண்டு முறை ஒரே ஒரு ஸ்ட்ரைக் தூரத்தில், அதாவது இன்னும் ஒரே ஒரு நல்ல பந்து போட்டால் போதும் என்ற நிலையில், கோப்பையைத் தவறவிட்டிருந்தது. செயின்ட் லூயிஸில் டேவிட் ஃப்ரீஸ் அடித்த பந்து நடு மைதானச் சுவரைத் தாண்டுகிறது, ஜோ அதே வாக்கியத்தைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார், மீதியைக் கூட்டம் பார்த்துக்கொண்டது. இரண்டு முறையும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சக வர்ணனையாளர் டிம் மெக்கார்வர்! அப்பா பெயரைச் சொல்லி ஒரு வார்த்தை இல்லை, தெரிந்தவனுக்குத் தெரியட்டும் என்று விட்டுவிட்டார். அடிக்கடி சொல்லாததால்தான் அது நிற்கிறது, வாராவாரம் சொல்லியிருந்தால் மிமிக்ரி ஆகியிருக்கும். இரண்டு ஆட்டமும் பழசு, அதற்காகச் சந்தா கட்டவேண்டாம், யூடியூபிலேயே பார்த்துவிடலாம்.

சந்தாவுக்கு நான் கொடுத்த காசு செரித்தது 2024 மே மாதத்தில். கார்டினல்ஸ், கப்ஸ் மோதும் ஆட்டம், சிப் கேரேவின் பக்கத்தில் விருந்தாளியாக ஜோ பக். 1954இலிருந்து ஹாரி கேரேயும் ஜேக் பக்கும் சேர்ந்து உட்கார்ந்த அதே அணியின் வர்ணனைக்கு, ஒருவரின் பேரனும் மற்றவரின் மகனும். ஜேக் பிறந்து நூறாவது ஆண்டு வேறு. உள்ளூர் ஒளிபரப்பைத் தேர்ந்தெடுத்தால்தான் இந்த ஜோடி கிடைக்கும், இன்னொன்றைத் தட்டியிருந்தால் கப்ஸ் ஆட்கள்தான் வருவார்கள்.

இனி காசு விஷயம். 2024இல் முழுப் பருவத்துக்கு 150 டாலர், நம் காசில் பன்னிரண்டாயிரத்துக்கு மேல். எல்லா ஆட்டமும் பார்க்கப்போவதில்லை என்றால் இது அதிகம்தான். பருவம் ஓட ஓட விலை குறையும், ஜூன், ஜூலையில் வாங்கினால் லாபம். அமெரிக்காவில் இருப்பவர்கள் முதலில் உங்கள் பகுதி அணிகளின் நேரலையை அடைக்கும் உள்ளூர் தடை விதியைப் பாருங்கள், அயோவா மாநிலத்தில் ஆறு அணிகளின் ஆட்டங்கள் பல ஆண்டுகளாக நேரலையில் அடைபட்டே கிடந்தன. ஒலி மட்டும் போதும் என்றால் அதற்குத் தனிச் சந்தா உண்டு, விலை வெகு குறைவு, தடையும் கிடையாது, ஆனால் சிப்பும் டாடும் டிவிக்காரர்கள் என்பதால் அதில் வரமாட்டார்கள். இந்தியாவில் இருந்தால் செயின்ட் லூயிஸ் இரவு ஆட்டம் நமக்கு விடியற்காலை ஐந்தேகாலுக்குத் தொடங்கும், காபியோடு பார்க்கலாம். ஒன்று மறக்கவேண்டாம், சந்தா அடுத்த ஆண்டு தானாகப் புதுப்பித்துக்கொள்ளும், வாங்கிய கையோடு அந்த அமைப்பை அணைத்துவிடுங்கள்.