ஸ்குவாஷ் ராக்கெட் கிரிப்: மூன்று வருடம் சுற்றிப் பிரித்த கதை

சென்னையில் ஸ்குவாஷ் ஆடுகிறவனுக்கு முதல் எதிராளி வியர்வைதான். இரண்டாவது கேமுக்குள் உள்ளங்கை நனைந்து ராக்கெட் கைக்குள்ளேயே லேசாகத் திரும்ப ஆரம்பித்துவிடும். டென்னிஸ் ராக்கெட்டில் கைப்பிடிச் சுற்றளவுக்கு நம்பர் பார்த்து வாங்கலாம். ஸ்குவாஷில் பெரும்பாலும் ஒரே அளவுதான் வருகிறது. மீதியை நாம்தான் சுற்றிச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

வாங்கிய புதிதில், ராக்கெட்டோடு வந்த கிரிப்பை, அதாவது கைப்பிடி மேல் சுற்றியிருக்கும் பட்டையை, கழற்றாமல் அதன் மேலேயே ஒரு பியூ (பாலியூரித்தேன்) கிரிப்பைச் சுற்றினேன். அது சுமார் 1.8 மி.மீ. தடிமன். இரண்டு பக்கமும் சேர்த்தால் விட்டத்தில் 3.6, சுற்றளவில் 11 மி.மீ. கூடிவிடுகிறது. என்னோடு ஆடும் பெரியவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "என்னப்பா, இது கிரிக்கெட் பேட்டா?" என்றார். பிடிக்க மெத்தென்று சுகமாகத்தான் இருந்தது. ஆனால் முன்சுவரை ஒட்டி மெதுவாக இறக்கும் டிராப் ஷாட் எல்லாம் டின்னில், அதாவது அந்தச் சுவரின் அடியில் பட்டால் புள்ளி போய்விடும் பட்டையில், போய் விழுந்தது. ஸ்குவாஷில் ஃபோர்ஹேண்டுக்கும் பேக்ஹேண்டுக்கும் பிடியை மாற்றுவதில்லை. ராக்கெட் முகம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதைக் கைப்பிடியின் விளிம்புகளை வைத்து விரல்தான் சொல்ல வேண்டும். இரண்டு அடுக்குக்கு அடியில் அந்த விளிம்பு மழுங்கிப் போய்விட்டது. போதாததற்கு முன்னங்கையில் வலி வேறு.

அப்புறம் டவல் கிரிப். வியர்வையை நன்றாகக் குடிக்கும், மறுக்கவில்லை. இரண்டே வாரத்தில் காய்ந்து விறைத்து, பையைத் திறந்தாலே நாற்றம். கிரிப்புக்கு மேல் சுற்றும் மெல்லிய ஓவர்கிரிப் மட்டும் மாற்றி மாற்றிப் போட்டும் பார்த்தேன்; மூன்று நாலு ஆட்டத்துக்கு ஒன்று செலவானது.

இப்போது ஒன்றரை வருடமாக ஒரே முறைதான். பழையதை முழுக்க உரித்து, பசையைத் துடைத்து, வெறும் கைப்பிடி மேல் ஒரே ஒரு பியூ கிரிப். உரிக்கும்போதே எந்தத் திசையில் சுற்றியிருக்கிறது என்று பார்த்துவைத்துக்கொண்டால் நல்லது. இடக்கைக்காரர்கள் எதிர்த்திசையில் சுற்றுவது வழக்கம். கூம்பிய முனையை அடியில் ஒட்டி, இழுத்துப் பிடித்தபடி, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் மேல் ஒரு மி.மீ. மட்டும் ஏறும்படி சுற்றுகிறேன். ஆள்காட்டி விரல் உட்காரும் இடத்தில் மட்டும் வேண்டுமென்றே அதிகமாக மேலேற்றி ஒரு மேடு வைக்கிறேன். கை எவ்வளவு நனைந்தாலும் விரல் அங்கே போய் நின்றுகொள்ளும். இத்தனை சோதனையில் எனக்கு உருப்படியாகக் கிடைத்தது அந்த மேடுதான்.

எடையும் கவனிக்க வேண்டிய விஷயம். ராக்கெட்டில் 125 கிராம் என்று போட்டிருப்பது பெரும்பாலும் வெறும் ஃபிரேமின் எடை. கைப்பிடியில் கூட்டுகிற ஒவ்வொரு கிராமும் ராக்கெட்டின் தலையை லேசாக்கிக் காட்டும். சிலருக்கு அது பிடிக்கலாம். எனக்குப் பந்து தரையில் படுமுன் அடிக்கும் வாலியில் மட்டும் உதவியது.

வாரம் மூன்று நாள் ஆடினால் ஒரு கிரிப் எனக்கு இரண்டு, இரண்டரை மாதம் வருகிறது. முதலில் போவது அந்த ஒட்டும் தன்மைதான். ஈரத்துணியால் துடைத்து ஃபேன் காற்றில் காயவைத்தால் இன்னும் பத்து நாள் ஓட்டலாம்.