குமணவில் இராத்தங்கல் என்று முற்பணம் கேட்பவர்களிடம் கவனம்

மட்டக்களப்பிலிருந்து காரைதீவுக்கும் குமணவுக்கும் பிள்ளைகளோடு போக நினைப்பவர்கள், யாருக்கும் பணம் அனுப்புவதற்கு முன் இதை வாசித்துவிடுங்கள்.

சுவாமி விபுலாநந்தர் 1892 இல் பிறந்த காரைதீவு இல்லத்தை விளக்கத்துடன் காட்டி, அன்றிரவு குமண தேசிய பூங்காவுக்குள் கும்புக்கன் ஓயாக் கரையில் கூடாரமடித்துத் தங்கவைப்பதாக முகநூலில் ஒருவர் விளம்பரம் செய்திருந்தார். வான், இராச்சாப்பாடு, அனுமதி அனைத்தும் சேர்த்துத் தலைக்கு 14,500 ரூபாய் என்றும், முழுத்தொகையையும் ஒரு தனியாளின் வங்கிக் கணக்குக்கு முன்கூட்டியே போடவேண்டும் என்றும் சொன்னார். "பெர்மிட் எல்லாம் எடுத்தாச்சு அண்ணா, நீங்க பிள்ளையளோட வந்து ஏறினாச் சரி" என்று உறுதியளித்து, அனுமதிப் பத்திரத்தின் படமொன்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார்.

அதை நம்பி நாங்களும் பணத்தைப் போட்டோம். வான் மிகவும் பிந்தி வந்ததால் காரைதீவில் எங்களுக்குக் கிடைத்தது கால் மணித்தியாலம் மட்டுமே. கல்லடி சிவானந்தாவில் படித்த என் அப்பா, தம் பாடசாலையை நிறுவியவர் பிறந்த வீட்டை ஆறுதலாகப் பார்க்கவேண்டும் என்று நெடுங்காலம் ஆசைப்பட்டிருந்தவர். வழிகாட்டியாக வந்தவரோ, சுவாமிகளின் சமாதி இந்த வளவுக்குள்தான் இருக்கிறது என்று பிள்ளைகளிடம் சொன்னார். 1947 இல் மறைந்த சுவாமிகளின் சமாதி கல்லடி உப்போடையில், அப்பா படித்த பாடசாலை வளவிலேயே இருக்கிறது. அப்பா திருத்திச் சொன்னபோது அவர் கைப்பேசியிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை.

உண்மையான மோசடி, பூங்கா வாயில் இருக்கும் உகந்தையில்தான் தெரிந்தது. பூங்கா வாயிலில் நின்ற அலுவலர் வாட்ஸ்அப் படத்தைப் பெருப்பித்துப் பார்த்தார்: திகதி முந்திய வருடத்தது, வாகன இலக்கம் வேறொன்று, பெயர் இருந்த இடம் விரலால் மறைக்கப்பட்டிருந்தது. எங்கள் பெயரில் எந்தப் பதிவும் இல்லை. ஏற்பாட்டாளரை அழைத்தால் தொலைபேசி ஓய்ந்திருந்தது. சாரதியோ எங்களைப் பாணமைப் பக்கம் திருப்பிக்கொண்டுவந்து, பற்றைக்காடு சூழ்ந்த வெறுங்காணியொன்றில் இறக்கினார். அங்கே மலசலகூடமும் இல்லை, மின்வேலியும் இல்லை. கூடாரத்தின் சிப் அறுந்து, வாய்ப்பக்கம் தும்புக்கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. நள்ளிரவுக்குப் பின் மிக அருகில் கொப்பு முறியும் சத்தம் கேட்டது. யானை வெடி கொளுத்தக்கூட அங்கே ஒருவரும் இருக்கவில்லை. பிள்ளைகளை வானுக்குள் ஏற்றி, கண்ணாடியைப் பூட்டிக்கொண்டு விடியும்வரை இருந்தோம். பணத்தை ஏமாற்றியதைவிட, யானை நடமாடும் இடத்தில் குழந்தைகளைக் கொண்டுபோய்க் கிடத்தியதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பூங்காவுக்குள் தங்குமிடத்தை ஒதுக்குவது வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம். ஆகவே யார் ஏற்பாடு செய்தாலும், உங்கள் திகதிக்கான திணைக்களப் பற்றுச்சீட்டின் இலக்கத்தைக் கேட்டுவாங்கி, அதைத் திணைக்களத்திடமே உறுதிப்படுத்திய பிறகு பணத்தைப் பற்றிப் பேசுங்கள். படத்தை மட்டும் அனுப்பி அவசரப்படுத்துபவரை அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

பணம் இன்னும் திரும்பவில்லை. வங்கிச் சிட்டையையும் வாட்ஸ்அப் உரையாடலையும் இணைத்துப் பொலிஸிலும், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்திலும் முறையிட்டிருக்கிறேன். இவ்வாறு ஏமாந்தவர்கள் சிட்டைகளை எறியாமல் தாங்களும் முறையிடுங்கள். பழைய முகநூல் பக்கம் அழிக்கப்பட்டுவிட்டது. ஆனால் அதே கூடாரப் படங்களுடன், வேறொரு பெயரில், பாடசாலை விடுமுறைக்கு இப்போதும் ஆட்களைச் சேர்க்கிறார்கள்.