தனி ஆளா வெளிநாட்டு வேலைக்குப் போறீங்களா? சாமான கப்பல்ல போடறதுக்கு முன்னாடி இத படிங்க

வேலை கிடைச்சு, விசா வந்து, இருக்கிற வீட்ட காலி பண்ணிட்டு தனி ஆளா வேற நாட்டுக்குக் கெளம்புறவங்களுக்காகத்தான் இத எழுதுறேன். குடும்பமா போறவங்க முழு கன்டெய்னரையே எடுப்பாங்க, அது வேற கணக்கு. நமக்கு இருக்கிறது புஸ்தகம், துணிமணி, கம்ப்யூட்டர், கொஞ்சம் பாத்திரம், மிஞ்சிப்போனா ஒரு சைக்கிள். எல்லாம் சேர்த்து மூணு நாலு கன மீட்டர்தான் வரும். இருபது அடி கன்டெய்னர்ல கிட்டத்தட்ட 33 கன மீட்டர் பிடிக்கும், அதனால நம்ம பெட்டிங்க இன்னும் பல பேரோட சரக்கோட சேர்ந்துதான் போகும். இந்த ஷேர்டு கன்டெய்னர்லதான் என்னைய ஏமாத்தினாங்க, இன்னமும் மனசு ஆறல.

கோட்டேஷன் வாங்கினதுல ஒரு கம்பெனி ரேட்டு மட்டும் மத்தவங்களவிட ரொம்ப கம்மியா இருந்துச்சு. சந்தேகப்பட்டு போன்லயே கேட்டேன், வீட்டு வாசல்ல இருந்து வீட்டு வாசல் வரைக்கும் எல்லாம் சேர்த்துதானேன்னு. "ஆமா மேடம், எல்லாமே இன்க்ளூடட், நீங்க அங்க கதவ தொறந்து வாங்கிக்கிட்டா போதும்"னாங்க. மெயில்லயும் டோர் டு டோர்னுதான் போட்டிருந்துச்சு. வீடியோ கால்ல வீட்ட சுத்திக் காட்டச் சொல்லி மூணு கன மீட்டர்னு கணக்குப் போட்டாங்க.

பேக்கிங் அன்னைக்கு வந்த ஆளுங்க எத்தனை பெட்டின்னு மட்டும் எழுதி கையெழுத்து வாங்கிட்டு ஏத்திட்டுப் போயிட்டாங்க. அளவு எடுக்கலையான்னு கேட்டா குடோன்ல எடுப்போம்னு பதில். நான் ஃப்ளைட் ஏறி, புது ஆபீஸ்ல சேர்ந்து, தங்க இடம் தேடிட்டு இருக்கிற நேரத்துல மெயில் வருது, அஞ்சு கன மீட்டர் வந்திருக்கு, வித்தியாசத்த கட்டினாத்தான் லோடு பண்ணுவோம்னு. போட்டோ இல்ல, அளவுச் சீட்டு இல்ல. அங்க நேர்ல போய் கேக்க எனக்கு யாரும் இல்லன்னு அவங்களுக்கு நல்லாத் தெரியும். தனியா போறவங்கள குறி வைக்கிறதே இதனாலதான்னு நான் நினைக்கிறேன், நாடு விட்டு நாடு வந்து சின்னத் தொகைக்கு யாரும் கேஸ் போட மாட்டாங்கன்னு ஒரு தைரியம்.

அத கட்டினேன், அதோட விடல. கப்பல் வந்து சேர்ந்ததும் நான் பேரே கேள்விப்படாத ஒரு ஏஜென்ட் கிட்ட இருந்து பில் வந்துச்சு. துறைமுக ஹேண்ட்லிங், கன்டெய்னர பிரிக்கிற சார்ஜ், டாக்குமென்ட் ஃபீஸ், கஸ்டம்ஸ் சோதனை, குடோன் வாடகை, எல்லாம் சேர்த்தா முதல்ல கட்டினதவிட அதிகம். டோர் டு டோர்னு எழுதின மெயில காட்டினா, அது அவங்க சொன்னது, எங்களுக்கு சம்பந்தம் இல்லன்னாங்க. கோட்டேஷன் குடுத்தவங்க போன எடுக்கறதையே நிறுத்திட்டாங்க.

இது எப்படி நடக்குதுன்னு அப்புறம் இந்த லைன்லயே வேலை பாக்குற ஒருத்தர் பொறுமையா விளக்கினார். நமக்கு ரேட்டு சொல்றவங்க பல நேரம் வெறும் தரகர், சரக்க கன்சாலிடேட்டர் ஒருத்தர்கிட்ட, அதாவது பல பேரோட சரக்க ஒரே கன்டெய்னர்ல சேர்த்து அனுப்புறவர்கிட்ட, குடுத்துடுவாங்க. சரக்க ஏத்தினதுக்கு கப்பல் கம்பெனி தர்ற பத்திரம், அதாவது மாஸ்டர் பில் ஆஃப் லேடிங், அந்த கன்சாலிடேட்டர் பேர்லதான் இருக்கும், நம்ம கைக்கு வர்றது அவர் தர்ற ஹவுஸ் பில் ஆஃப் லேடிங் மட்டும்தான். போய் சேர்ற ஊர்ல இருக்கிற கன்சாலிடேட்டரோட ஏஜென்ட், டெலிவரி ஆர்டர்ங்கிற சரக்க விடுவிக்கிற கடிதத்த குடுத்தாத்தான் பெட்டி வெளிய வரும், அதனால அவர் போட்ட பில்ல கட்டாம ஒண்ணும் நடக்காது. சில நாள் மட்டும் இலவசம், அப்புறம் குடோன் வாடகை ஓடிக்கிட்டே இருக்கும், நம்ம வாதாடற ஒவ்வொரு நாளும் நமக்குத்தான் நஷ்டம். புறப்படற இடத்துல ரேட்ட கம்மியா காட்டி, சேர்ற இடத்துல வசூல் பண்றது இந்தத் தொழில்ல ரொம்ப நாளா நடக்குதாம்.

அதனால டோர் டு டோர்ங்கிற வார்த்தைய மட்டும் நம்பாதீங்க. சேர்ற துறைமுகத்துல வர்ற சார்ஜ் ஒவ்வொண்ணும் பேர் சொல்லி இதுல அடக்கம்னு எழுத்துல வாங்குங்க, அங்க யாரு ஏஜென்ட்னு இப்பவே கேட்டு அவங்களுக்கே ஒரு மெயில் போட்டு உறுதி பண்ணுங்க. ஏத்தறதுக்கு முன்னாடி உங்க கண்ணு முன்னால ஒவ்வொரு பெட்டிக்கும் நீள அகல உயரம் அளந்து கையெழுத்து போடச் சொல்லுங்க, டேப்ப நீங்களே வச்சுக்கங்க. ஃபிடிங்கிற சர்வதேச மூவர்ஸ் கூட்டமைப்புல உறுப்பினரா இருக்கிறவங்களுக்கு ஃபெய்ம்னு தரச் சான்று உண்டு, கம்பெனி லெட்டர்ஹெட்ல லோகோ இருக்குன்னு விட்டுடாம ஃபிடியோட பட்டியல்லயே பேர் இருக்கான்னு பாருங்க.

இன்ஷூரன்ஸ் இன்னொரு தலைவலி. என் மானிட்டர் உடைஞ்சு வந்துச்சு, க்ளெய்ம் பண்ணா முடியாதுன்னுட்டாங்க, ஏன்னா பேக்கிங் லிஸ்ட்ல அந்தப் பெட்டிக்கு நேரா பிபிஓன்னு போட்டிருக்கு, அதாவது ஓனரே பேக் பண்ணதுன்னு அர்த்தம். பேக் பண்ணது அவங்க ஆளு! கையெழுத்து போடறதுக்கு முன்னாடி லிஸ்ட்ல ஒவ்வொரு வரியையும் படிங்க. அதுக்காக இன்ஷூரன்ஸே வேணாம்னு விட்டுடாதீங்க. 2021 மார்ச்ல எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாய்ல மாட்டுச்சே, அப்ப கப்பல் ஓனர் ஜெனரல் ஆவரேஜ் அறிவிச்சாங்க, கப்பல மீட்ட செலவுல அதுல சரக்கு வச்சிருந்த எல்லாரும் பங்கு குடுக்கணும்னு அர்த்தம். இன்ஷூரன்ஸ் இல்லாதவங்க கைக்காச டெபாசிட் கட்டினாத்தான் அந்த மாதிரி நேரத்துல சரக்கு வெளிய வரும்.

கஸ்டம்ஸ் விதி நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பிய யூனியனுக்குக் குடி போறவங்கன்னா பொதுவா 6 மாசமாவது நீங்க வச்சிருந்து பயன்படுத்தின சாமானா இருக்கணும், குடி வந்த 12 மாசத்துக்குள்ள கொண்டு வந்துடணும், அப்பதான் வரி இல்ல. புதுசா வாங்கினத சேர்த்து அனுப்பாதீங்க. ரெசிடென்ஸ் பேப்பர் கைக்கு வர்றதுக்கு முன்னாடி பெட்டி வந்து நின்னாலும் குடோன் வாடகைதான் ஏறும், அதனால அனுப்பற தேதிய கொஞ்சம் தள்ளி வைங்க.

சாமான் அனுப்புற செலவ ஆபீஸ்ல கையில காசா குடுக்கறோம்னு சொன்னா, மூவர்ஸ நீங்களே புக் பண்ணி நேரா பில் கட்டுங்கன்னு ஹெச்ஆர்கிட்ட கேளுங்க. பெரிய கம்பெனிகிட்ட இவங்க இப்படி விளையாட மாட்டாங்க. என்னைக் கேட்டா, தனி ஆளு ஃபர்னிஷ்டு வீடா பாத்துட்டு, மேசை கட்டிலெல்லாம் வித்துட்டு, மிச்சத்த ஃப்ளைட்ல எக்ஸ்ட்ரா பேகேஜா எடுத்துட்டுப் போறதுதான் நல்லது.

ஏற்கனவே மாட்டிக்கிட்டவங்க, குடோன் வாடகை ஏறவிடாம ஆட்சேபணையோட கட்டறேன்னு எழுதிக் குடுத்துட்டு சாமான எடுத்துடுங்க, ஒவ்வொரு சார்ஜுக்கும் தனித்தனியா ரசீது வாங்கிட்டு சண்டைய அப்புறம் போடுங்க. நான் கார்டுல கட்டின முதல் தொகைக்கு பேங்க்ல டிஸ்ப்யூட், அதாவது பணத்த திருப்பிக் கேட்டு புகார், போட்டிருக்கேன், டோர் டு டோர்னு இருந்த அந்த மெயில்தான் அதுல முக்கிய ஆதாரம். வித்தியாசத் தொகைய பேங்க் டிரான்ஸ்ஃபர்ல மட்டும்தான் வாங்குவோம்னு பிடிவாதமா வாங்கினாங்க, அதுக்கு டிஸ்ப்யூட் போட வழியே இல்ல.