“வெளியே உட்காருங்கள் மேடம்”: ஊரில் குழந்தைக்குப் பிசியோதெரபி பார்த்த அனுபவம்

கனடாவிலிருந்து விடுமுறைக்கு ஊருக்குப் போய் வந்தோம். விமானம், பயணம், உறவுக்காரர்கள் எல்லாம் நல்லபடியாகவே போனது, அதைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. என் மகனைத் தெரபிக்குக் கூட்டிப்போன கதையைத்தான் சொல்ல வேண்டும், இன்னும் ஆறவில்லை எனக்கு.

அவனுக்கு ஒன்றரை வயது. இரண்டு மாதம் முன்னதாகவே பிறந்தவன், அதனால் 16 மாதம் என்றுதான் கணக்கு வைப்பார்கள். தசைகள் கொஞ்சம் தளர்ச்சி. உட்கார்ந்தபடியே நகர்வான், பிடித்துக்கொண்டு நிற்பான், ஆனால் ஒரு அடி வைக்க மாட்டான். உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட அளவுகோலில், தனியாக நடக்கத் தொடங்கும் வயது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை விரிகிறது. ஆகவே பதற்றம் இல்லை, ஆனால் நீண்ட விடுமுறையில் பயிற்சி விட்டுப்போகக் கூடாது என்று ஊரிலேயே ஒரு இடம் தேடினோம். கனடாவில் மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கிய முதல் அப்பாயின்ட்மென்ட், ஊரில் போன் போட்ட மறுநாளே கிடைத்தது. அடடா, ஊர் ஊர்தான் என்று நினைத்தேன்.

பெரிய இடம், சுவரெல்லாம் இயந்திரங்கள். உள்ளே போனதும் “நீங்கள் இருந்தால் அழுவான், வெளியே உட்காருங்கள் மேடம்” என்று கதவைச் சாத்திவிட்டார்கள். நான் இல்லாமல்தான் அவன் அழுதான், கதவுக்கு வெளியே எனக்குக் கேட்டது. பொறுக்க முடியாமல் திறந்து பார்த்தால், அவனை மேசையில் மல்லாக்கப் படுக்க வைத்து ஒருவர் காலை மடக்கி, நீட்டி, மடக்கி, நீட்டிக்கொண்டிருக்கிறார். மூட்டு இறுகிப்போகும் குழந்தைகளுக்குத் தசையை நீட்டிவிடுவதற்கு ஒரு இடம் உண்டு, சரி. இவனுக்கு இருப்பதோ தளர்ச்சி! அழுதுகொண்டு மல்லாந்து கிடக்கும் குழந்தையின் காலை வேறொருவர் அசைத்தால் அவன் நடக்கக் கற்பது எப்படி? நிமிர்ந்து நின்று, எடையை ஒரு காலுக்கு மாற்றி, தடுமாறி, சமாளித்து, அவனே செய்தால்தானே மூளை அதைப் பழகும்? போதாததற்கு, கிளம்பும்போது “ஒரு வாக்கர் வாங்கி உட்கார வையுங்கள்” என்ற ஆலோசனை வேறு. உட்காரும் இருக்கையோடு சக்கரம் வைத்த அந்த வாக்கரைக் கனடாவில் 2004 முதல் விற்கவே தடை. விபத்துதான் அதற்குக் காரணம், அதோடு அது குழந்தையை நடக்கப் பழக்குவதும் இல்லை.

அப்புறம் தெரிந்தவர் ஒருவர் சொல்லி இன்னொரு இடத்துக்குப் போனோம். ஒரே அறை, ஒரு பாய், சின்ன பெஞ்சு, இயந்திரம் எதுவும் கிடையாது. அங்கே தெரபி பார்க்கும் அம்மா வந்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் அவனைத் தொடவே இல்லை, பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பெஞ்சைப் பிடித்து அவனை நிற்க விட்டு, என் சாவிக்கொத்தைக் கை எட்டாத தூரத்தில் வலது பக்கம் வைத்தார். அவன் எட்டிப் பார்க்கிறான், கால் அசையவில்லை. இடுப்பில் இரு கையையும் லேசாக வைத்து எடையை இடது காலுக்குச் சாய்த்தார், அவ்வளவுதான். வலது கால் விடுபட்டது, பக்கவாட்டில் ஒரு அடி வைத்தான்! சாவியை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தார், இன்னொரு அடி. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

உடனே “இப்போது நீங்கள் செய்யுங்கள்” என்று என் கையைப் பிடித்து அவன் இடுப்பில் வைத்தார். எழுதித் தரச் சொன்னேன், கனடாவில் எப்போதும் அறிக்கையாகத் தருவார்களே. “காகிதம் பீரோவுக்குப் போய்விடும்மா, கையில் ஏறினால்தான் உண்டு, வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள்” என்றார். அவர் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கரேன் அடால்ஃப் குழு 2012இல் வெளியிட்ட ஆய்வில், 12 முதல் 19 மாதக் குழந்தைகள் விளையாடும்போது மணிக்குச் சராசரியாக 2,368 அடி வைக்கிறார்கள், 17 முறை விழுகிறார்கள். அவ்வளவு பழக்கத்தை அரைமணி நேரத் தெரபியில் யாரால் கொடுக்க முடியும்? மீதி நேரம் முழுக்க குழந்தை பெற்றோரிடம்தான் இருக்கிறது. அந்தப் பெற்றோரைப் போய் வெளியே உட்கார வைக்கிறார்களே!

கனடாவில் தெரபிஸ்ட் வருவது மாதம் ஒரு முறை. இந்த அம்மாவிடம் தினமும் போக முடிந்தது. சின்ன ஸ்டூலில், பாதம் முழுதாகத் தரையில் பதிகிற மாதிரி உட்கார வைத்து எழுந்து நிற்கப் பழக்கினார், தொடைக்கு வலு ஏறுவதற்காக. செருப்பு, சாக்ஸ் எதுவும் வேண்டாம், வெறுங்காலே போதும் என்றார், விரல்கள் தரையைப் பற்றிப் பழகட்டுமாம். கிளம்பும்போது பெஞ்சின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தானாகவே போய்க்கொண்டிருந்தான்.

யாராவது ஊருக்குப் போகும்போது குழந்தைக்குத் தெரபி தொடர வேண்டியிருந்தால், போனிலேயே கேட்டுவிடுங்கள்: நாங்கள் உள்ளே இருக்கலாமா, வீட்டில் செய்யச் சொல்லித் தருவீர்களா? இழுத்தார்கள் என்றால் வேறு இடம் பாருங்கள். திரும்பி வந்ததும் இங்கே கனடாவில் தெரபிஸ்ட் அறிக்கை கேட்டார்கள், என்னிடம் காகிதம் ஒன்றும் இல்லை, வீடியோவைக் காட்டினேன். இரண்டு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, பெஞ்சு எவ்வளவு உயரம் என்றுதான் முதலில் கேட்டார்கள். அவன் நெஞ்சளவு.