ஸ்மார்ட் மீட்டர், சோலார், பேட்டரி: புதுசு தீர்ந்த பிறகு

இருவழி ஸ்மார்ட் மீட்டர், கூரையில் சோலார் பேனல்கள், சுவரில் ஒரு சிறிய பேட்டரி, மின்காருக்கு ஒரு சார்ஜர், நேரத்துக்கு நேரம் மாறும் மின்கட்டணம். இத்தனையோடும் சில வருடங்களாகக் குடும்பம் நடத்துகிறோம். இவற்றைப் பற்றிய வீடியோக்களில் பெரும்பாலானவை பொருத்திய முதல் வாரத்தில் எடுக்கப்பட்டவை. ஆப் பளபளக்கும், கோடு பச்சையாக ஏறும், அத்தோடு முடிந்தது. அப்புறம் எது நிலைக்கிறது, எது சலித்துப்போகிறது என்று சொல்ல ஆளில்லை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மின்சாரத்தை எந்த நேரத்தில் செலவழிக்கிறோம் என்பதை இந்தக் கருவிகள் நன்றாகவே மாற்றிவிடுகின்றன. எவ்வளவு செலவழிக்கிறோம் என்பது பெரும்பாலும் வீட்டுச் சுவரின் கையிலும் ஊர் அமைப்பின் கையிலும்தான் இருக்கிறது.

பழைய மீட்டர் பில் போடும் நாளில் ஒரே ஓர் எண்ணைச் சொல்லும். புதியது 15 அல்லது 30 நிமிடத்துக்கு ஒருமுறை அளவைப் பதிந்து அனுப்புகிறது. இதனால் கிடைத்த பெரிய லாபம், விடியற்காலை மூன்று மணிக்கு வீடு என்ன இழுக்கிறது என்று தெரிந்ததுதான். எல்லோரும் தூங்குகிறோம், ஒரு விளக்கும் எரியவில்லை, மீட்டரோ 200 வாட்டுக்குக் குறையவே மாட்டேன் என்கிறது. 200 வாட் கேட்கச் சின்னதாக இருக்கும். 24 மணி நேரமும் ஓடினால் ஒரு நாளைக்கு 4.8 யூனிட், மாதத்துக்கு 144 யூனிட். மெயின் பலகையில் ஒவ்வொரு சர்க்யூட்டாக அணைத்துப் பார்த்ததில் ஆள் ஆளாக மாட்டினார்கள்: கதவு ரப்பர் தளர்ந்த பழைய ஃப்ரிட்ஜ், அணைத்தாலும் சூடாகவே இருக்கும் செட்டாப் பாக்ஸ், யாருமே பயன்படுத்தாத இரண்டாவது வைஃபை ரூட்டர். ஃப்ரிட்ஜை மாற்றினோம், மற்ற இரண்டையும் பிளக்கிலிருந்து பிடுங்கினோம். அத்தோடு ஆப்பின் வேலை ஏறக்குறைய முடிந்துவிட்டது. இப்போதெல்லாம் எச்சரிக்கை வந்தால்தான் திறக்கிறேன். தினமும் வரைபடம் பார்த்துச் சிக்கனம் செய்வார்கள் என்ற நம்பிக்கையில் யாராவது திட்டம் போட்டால், அந்தத் திட்டம் மூன்று மாதம் தாங்காது.

நேரம் சார்ந்த கட்டணத்துக்கு வருவோம். பகலில் சோலார் கொட்டுகிறது, சூரியன் இறங்கும் நேரத்தில் எல்லா வீட்டிலும் விளக்கும் அடுப்பும் ஏசியும் ஒன்றாகக் கிளம்புகின்றன. கலிஃபோர்னியாவின் மின்கட்டமைப்பை இயக்கும் அமைப்பு 2013இல் வெளியிட்ட வரைபடத்தில் இந்தப் பள்ளமும் மேடும் ஒரு வாத்தின் உருவத்தில் தெரிந்ததால் ‘வாத்து வளைவு’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. அந்த மாலை மேட்டைக் கரைக்கத்தான் மாலையில் கூடுதல் கட்டணம், மதியத்திலும் நள்ளிரவிலும் குறைந்த கட்டணம். எங்கள் வீட்டில் எளிதாக இடம் மாறியவை தண்ணீர் ஹீட்டர், வாஷிங் மெஷின், மோட்டார், கார் சார்ஜிங். சமையல் மாறவில்லை, மாறவும் மாறாது. பசிக்கிற குழந்தையிடம் கட்டண அட்டவணையைக் காட்ட முடியாது.

ஏசி மட்டும் கொஞ்சம் வேடிக்கை. மாலைக்கு முன்பே வீட்டைக் குளிர்வித்து வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். வெப்பத் தடுப்பு உள்ள வீட்டில் அது அருமையாக வேலை செய்யும். பகல் முழுக்க வெயிலை வாங்கிய காங்கிரீட் கூரைக்குக் கீழே குளிர்ச்சி அரை மணி நேரம்கூட நிற்பதில்லை. கூரைக்கு மேல் வெள்ளைப் பூச்சும், மேற்கு ஜன்னலுக்கு வெளிப்புறத் தட்டியும் போட்ட பிறகுதான் அந்த யோசனை பலித்தது. ஸ்மார்ட் என்ற பெயருள்ள எந்தப் பொருளும் தராத பலனை அந்தத் தட்டி தந்தது.

மனிதர்கள் மறந்துவிடுவார்கள், டைமர் மறக்காது. ஆனால் டைமருக்கும் ஒரு கோளாறு உண்டு. கட்டணம் குறையும் நிமிடத்தில் தெருவில் உள்ள எல்லாக் கார்களும் ஒரே நொடியில் சார்ஜ் ஆகத் தொடங்கினால் டிரான்ஸ்ஃபார்மர் பாவம். பிரிட்டனில் 2022 முதல் நடைமுறைக்கு வந்த விதி இதற்குத்தான்: வீட்டு சார்ஜர்கள் சீட்டுக் குலுக்கியதுபோல ஆளுக்கொரு தாமதத்தோடு, 10 நிமிடத்துக்குள் கலைந்து தொடங்க வேண்டும். வாங்கும்போது உங்கள் சார்ஜரில் இந்த வசதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

இனி சோலார். இதில்தான் விற்கும்போது சொல்லாத விஷயங்கள் அதிகம். முதலாவது, வெளியே கரண்ட் போனால் உங்கள் பேனலும் நின்றுவிடும். கொளுத்தும் வெயிலில், கூரை நிறையப் பேனல் இருந்தும் மின்விசிறி ஓடாது. லைனில் வேலை செய்யும் ஊழியருக்கு உங்கள் வீட்டிலிருந்து மின்சாரம் பாயக் கூடாது என்பதற்காக, பேனலின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர் தானாகவே துண்டித்துக்கொள்கிறது. நியாயமான ஏற்பாடு. மின்வெட்டிலும் ஓட வேண்டுமென்றால் பேட்டரியும், வீட்டைக் கட்டமைப்பிலிருந்து பிரிக்கும் தனி ஸ்விட்சும் வேண்டும்.

இரண்டாவது எங்களை மாதக்கணக்கில் அலைய வைத்தது. வானம் துடைத்துவிட்டதுபோல இருக்கும் நாட்களில், சரியாக நடுப்பகலில் உற்பத்தி பூஜ்ஜியத்துக்கு விழும், சில நிமிடம் கழித்து ஏறும், மறுபடி விழும். மேகமூட்டமான நாளில் ஒரு தொந்தரவும் இல்லை. பேனல் போட்டவர் லைனைக் குறை சொன்னார், மின்வாரியத்து ஆள் இன்வெர்ட்டரைக் குறை சொன்னார். விடை இன்வெர்ட்டரின் பதிவேட்டிலேயே இருந்தது. ஒவ்வொரு முறை விழுவதற்கு முன்பும் வோல்டேஜ் 250ஐத் தாண்டி 253ஐத் தொட்டிருந்தது. 230 வோல்ட் அமைப்புகளில் 10 சதவீதம் கூடுதல் வரை அனுமதிப்பது பரவலான வரம்பு, அதாவது 253. மின்சாரத்தை வெளியே தள்ள இன்வெர்ட்டர் லைனைவிடச் சற்று அதிக வோல்டேஜில் இருந்தாக வேண்டும். தெருவில் எல்லாரும் ஒரே நேரத்தில் தள்ளினால் மொத்த லைனும் ஏறும், தெருக்கோடியில் இருப்பவருக்கு முதலில் கதவு சாத்தப்படும். அந்தப் பதிவுகளை அச்சடித்துக் கொடுத்த பிறகு டிரான்ஸ்ஃபார்மரில் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டேப்பை ஒரு படி இறக்கினார்கள். வோல்டேஜ் ஏற ஏற உற்பத்தியைப் படிப்படியாகக் குறைக்கும் அமைப்பையும் இன்வெர்ட்டரில் போட்டோம். மொத்தமாக நிற்பதற்கு அது எவ்வளவோ மேல். ஒரு தெரு எத்தனை கிலோவாட் சோலாரைத் தாங்கும் என்ற கணக்கைப் பேனல் போடுவதற்கு முன்பே பார்க்க வேண்டும். அது வீட்டுக்காரர் பார்க்கக்கூடிய கணக்கு அல்ல, ஊரைத் திட்டமிடுபவரின் வேலை.

பேட்டரியைப் பற்றிச் சுருக்கமாக. லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை, குறையொன்றும் இல்லை. பத்து யூனிட் போட்டால் ஏறக்குறைய ஒன்பது திரும்பும். மாலை மேட்டை அது தனியாளாகச் சமாளிக்கிறது. ஆனால் தொடர்ந்து மேகம் மூடிய வாரத்தை எந்த வீட்டுப் பேட்டரியும் சமாளிக்காது, வெயில் காலத்து மிச்சத்தை மழைக் காலத்துக்கு எடுத்துவைக்கவும் ஆகாது. வீட்டுக்கு ஒன்று என்று வாங்குவதைவிடத் தெருவுக்கு ஒன்று இருந்தால் போதும் என்றே எனக்குப் படுகிறது, ஏனென்றால் எல்லார் வீட்டிலும் ஒரே நிமிடத்தில் உச்சத் தேவை வராது. பெரிய அளவில் இது நடந்தும் இருக்கிறது. தெற்கு ஆஸ்திரேலியாவில் ஹார்ன்ஸ்டேல் காற்றாலைக்குப் பக்கத்தில் 2017இல் வைத்த 100 மெகாவாட் பேட்டரி, தேவைக்கு உற்பத்தி ஈடுகொடுக்காமல் கட்டமைப்பின் அதிர்வெண் சரியும்போது நொடிக்குள் தாங்கிப் பிடித்துக் காட்டியது. ஒன்று மட்டும் சொல்லணும்: நல்ல வெப்பத் தடுப்புள்ள வெந்நீர்த் தொட்டியும் ஒரு பேட்டரிதான், அதுவும் மலிவானது. கோபன்ஹேகன் இதையே நகர அளவில் செய்கிறது. அங்கே கிட்டத்தட்ட எல்லாக் கட்டடங்களுக்கும் வெந்நீர்க் குழாய் வழியாகவே சூடு போகிறது.

தனியுரிமை விஷயத்தை அலட்சியமாக விடாதீர்கள். கால் மணி நேர அளவுகளை வரிசையாகப் பார்த்தால் எப்போது எழுகிறோம், எப்போது ஊரில் இல்லை என்பதெல்லாம் தெரிந்துவிடும். நெதர்லாந்தில் இந்த மீட்டரைக் கட்டாயமாக்கும் மசோதா 2009இல் மேலவையில் தடுக்கப்பட்டதற்கு இதுவே முக்கியக் காரணம், பிறகு வேண்டாம் என்று சொல்லும் உரிமையோடுதான் கொண்டுவந்தார்கள். தரவு யாரிடம், எத்தனை காலம் இருக்கும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சரி, மொத்தத்தில் கார்பன் குறைந்ததா? குறைந்தது. ஆனால் கணக்கைப் பிரித்துப் பார்த்தால் கார் துருத்திக்கொண்டு நிற்கிறது. மின்கார் 100 கிலோமீட்டருக்குச் சுமார் 15 முதல் 20 யூனிட் குடிக்கும். போகவர 40 கிலோமீட்டர் என்றால் நாளொன்றுக்கு 6 முதல் 8 யூனிட். விடியற்காலைத் திருடர்கள் அத்தனை பேரையும் பிடித்து மிச்சப்படுத்தியதைவிட இது அதிகம். பெட்ரோலுக்கு இது எவ்வளவோ மேல் என்பதில் சந்தேகமில்லை. அந்த 40 கிலோமீட்டரே இல்லாமல் இருந்தால்? ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் வௌபான் என்ற குடியிருப்புப் பகுதி, பழைய ராணுவ முகாம் இருந்த இடத்தில் எழுந்தது. அங்கே பெரும்பாலான வீடுகளுக்கு வாசலில் கார் நிறுத்த இடமில்லை, ஓரத்தில் உள்ள பல மாடி நிறுத்தத்தில்தான் விட வேண்டும். டிராம் 2006இல் உள்ளே வந்தது, பள்ளியும் கடையும் நடக்கும் தூரம். அங்கே கட்டிய பாசிவ் வீடுகளுக்கான, அதாவது வெப்பத் தடுப்பால் சூடாக்கும் தேவையே மிகக் குறைந்த வீடுகளுக்கான விதி, ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 15 யூனிட்டுக்கு மேல் சூடாக்கும் தேவை இருக்கக் கூடாது என்பது. அப்படிப்பட்ட வீட்டில் ஆப் எதைக் கண்காணிக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

சொந்தக் கூரையும் பகலில் ஓடக்கூடிய பெரிய லோடும் இருப்பவர்கள் தாராளமாக இறங்கலாம். பேட்டரி மின்வெட்டு அதிகமுள்ள இடத்துக்கு அவசியம், மற்ற இடங்களில் காத்திருக்கலாம். புதிய மனைப்பிரிவிலோ அடுக்ககத்திலோ ‘ஸ்மார்ட்’ என்று விளம்பரம் பார்த்து வாங்கப் போகிறீர்கள் என்றால், ஆப்பைக் காட்டச் சொல்லாதீர்கள். டிரான்ஸ்ஃபார்மரின் திறன் எத்தனை கேவிஏ, அதை எத்தனை வீடுகள் பங்கிடுகின்றன, வண்டி நிறுத்துமிடம் வரை சார்ஜருக்கான குழாய் பதித்திருக்கிறார்களா, பக்கத்து மனையில் எழப்போகும் கட்டடத்தின் நிழல் உங்கள் கூரையில் எத்தனை மணிக்கு விழும் என்று கேளுங்கள். பஸ் நிறுத்தத்துக்கு எத்தனை நிமிட நடை என்பதை மட்டும் அவர்களிடம் கேட்காமல் நீங்களே ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள்.