பிக்கப் கடைசியில்: ஐம்பதுகள் பாணி டெலிகாஸ்டரோடு சில வருடங்கள்

பழைய பாணி எலக்ட்ரிக் கிட்டார் வாங்கும் நம் பிள்ளைகள் பலர் பெட்டியைப் பிரித்த கையோடு புது பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சைகையாக மாற்றும் காந்தச் சுருள்) தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். கழுத்தின் மேல்முனையில் கம்பி உட்காரும் நட், கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃபிரெட், மறுமுனையில் கம்பியைத் தாங்கும் சேடல், சுருதி கூட்டும் ட்யூனிங் கீ என்று கம்பி தொடுகிற இடங்களை முதலில் சரிசெய்துவிட்டால் பாதிப் பேருக்கு பிக்கப் மாற்றும் எண்ணமே வராது. 2021-இல் வாங்கிய ஒரு கிட்டாரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, கல்யாண விருந்து, பிறந்தநாள், கோயில் திருவிழா மேடை என்று கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் தொடர்ந்து வாசித்து வருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்வது இது.

கிட்டார் இந்தோனேசியாவில் செய்த டெலிகாஸ்டர் வகை. பைன் மர உடல், மேப்பிள் கழுத்து, 21 ஃபிரெட், மூன்று சேடல் கொண்ட பிரிட்ஜ் (சேடல்கள் உட்காரும் தகடு), இரண்டு சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப். எந்த நிறுவனம் என்பது இங்கே தேவையில்லை. இந்த விலையில் கிடைப்பவை ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வருகின்றன. பைன் என்றதும் மட்டமான மரம் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். இந்தக் கிட்டாரை உருவாக்கிய லியோ ஃபெண்டர் கலிபோர்னியாவில், ஃபுல்லர்டனில் செய்துபார்த்த முதல் மாதிரியே பைன்தான். ஆஷ் மரம் அப்புறம் வந்தது. 1950-இல் எஸ்குவயர் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது, அடுத்து பிராட்காஸ்டர், அந்தப் பெயர் தங்கள் டிரம் பெயரோடு மோதுகிறது என்று கிரெட்ச் நிறுவனம் சொன்னதும் 1951-இல் டெலிகாஸ்டர். அன்றிலிருந்து இன்றுவரை இதன் அமைப்பில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு: எல்லாமே திருகாணி. கழுத்தை நான்கு திருகாணி பிடித்திருக்கிறது. வால்யூம், டோன், சுவிட்ச் மூன்றும் ஒரே தகட்டில் உட்கார்ந்திருக்கின்றன. இரண்டு திருகாணியைக் கழற்றினால் மொத்தமும் கைக்கு வந்துவிடும். மாற்றிப் பார்க்க இதைவிட வசதியான கிட்டார் கிடையாது.

நான் வாசிப்பது பெரும்பாலும் தமிழ்ப் பாட்டுதான். பாடகர் இழுக்கும் இழுப்புக்கு ஈடுகொடுக்கக் கம்பியை வளைத்து வளைத்து விடவேண்டும். வளைத்துவிட்டுத் திரும்பும்போது கம்பி பழைய சுருதிக்கே வந்து நிற்கவில்லை என்றால், எவ்வளவு விலையுள்ள பிக்கப் போட்டும் பிரயோசனமில்லை. என் கிட்டாரில் ஜி கம்பி அப்படித்தான் இருந்தது. வளைக்கும்போது நட்டில் 'டிங்' என்று ஒரு சத்தம், அதோடு சுருதி கீழே இறங்கிவிடும்.

செந்தூலில் கிட்டார் பழுதுபார்க்கும் ஒரு அண்ணனிடம் கொண்டுபோனேன்.

"அண்ணே, ஜி மட்டும் நிக்க மாட்டேங்குது. கீ மாத்தணுமா?"

"கீ கிடக்கட்டும் தம்பி. மூணாவது ஃபிரெட்ட அமுக்கிப் பிடி. இப்ப முதல் ஃபிரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவுல எவ்வளவு இடம் இருக்குன்னு பாரு."

நல்ல நட்டில் அந்த இடைவெளி ஒரு முடி நுழையும் அளவுக்குத்தான் இருக்கவேண்டும். என் கிட்டாரில் கட்டித் தாளே நுழைந்தது. தொழிற்சாலையில் பள்ளங்களை ஆழமாக அறுக்காமல் விட்டிருந்தார்கள். பள்ளம் உயரமாக இருந்தால் முதல் இரண்டு ஃபிரெட்டில் எதை அமுக்கினாலும் கம்பி கூடுதலாக இழுபட்டு, சுருதி ஏறிவிடும். எஃப் கார்டு எப்போதுமே கொஞ்சம் புளித்த மாதிரி கேட்டதற்குக் காரணம் அதுதான். அண்ணன் ஒவ்வொரு கம்பியின் தடிமனுக்கும் தனித்தனி அரம் வைத்திருந்தார். இரண்டு மூன்று இழுப்பு, கம்பியைப் போட்டு ட்யூன் செய்து பார்ப்பது, மறுபடி இரண்டு இழுப்பு. பள்ளம் கீ இருக்கும் பக்கமாகச் சரிந்து இறங்க வேண்டும், கம்பி ஃபிரெட் பக்கத்து விளிம்பில்தான் உட்கார வேண்டும் என்று காட்டிக்கொண்டே ராவினார். கடைசியில் கூர்மையான பென்சிலால் பள்ளத்துக்குள் தேய்த்துக் கரியை விட்டார். 'டிங்' சத்தம் அதோடு போய்விட்டது. இன்றைக்கும் கம்பி மாற்றும்போதெல்லாம் அந்தப் பென்சில் வேலையைச் செய்துவிடுகிறேன்.

அடுத்தது சேடல். இந்த வகை கிட்டாரின் உண்மையான சிக்கல் இங்கேதான் இருக்கிறது. ஆறு கம்பிக்கு மூன்றே உருளை; ஒவ்வொன்றும் இரண்டு கம்பியைத் தாங்கும். 12-ஆவது ஃபிரெட்டை அமுக்கினால் வரும் சுரமும், அதே இடத்தில் விரலை லேசாக வைத்து மீட்டினால் வரும் ஹார்மோனிக்கும் ஒன்றாக இருக்கவேண்டும். அமுக்கியது ஏறிக் கேட்டால் சேடல் பின்னால் போகணும், இறங்கிக் கேட்டால் முன்னால் வரணும். ஆனால் ஒரே உருளையில் இருக்கும் இரண்டு கம்பிக்கும் தேவையான நீளம் வேறு வேறு. தடித்த ஈ கம்பிக்கு ஏ கம்பியைவிடக் கொஞ்சம் கூடுதல் நீளம் வேண்டும். பி கம்பிக்கு மெல்லிய ஈ-யைவிடக் கூடுதல். நடுவில் மட்டும் தலைகீழ்: ஜி கம்பிக்குத்தான் டி-யைவிட நீளம் அதிகம், ஏனென்றால் இன்று நாம் போடும் ஜி சுற்றில்லாத வெறும் கம்பி. ஐம்பதுகளில் ஜி-யும் சுற்றுக்கம்பியாகவே இருந்தது, கம்பிகளும் தடிமனானவை. அன்று அந்த நேரான உருளை பெரிய தொல்லை கொடுத்திருக்காது. 0.010 அங்குலத்தில் தொடங்கும் மெல்லிய கம்பிக் கட்டைப் போட்டு வாசிக்கும் நமக்குத்தான் அது இடிக்கிறது.

இதை எங்கே கேட்கலாம் என்றால், டி கம்பியை எங்கும் அமுக்காமல் ஒலிக்கவிட்டு அதையே ஸட்ஜமாக வைத்து, ஜி கம்பியில் மோகனம் வாசித்துப் பாருங்கள். 7-ஆவது ஃபிரெட்டில் மேல் ஸட்ஜம், 14-ஆவதில் பஞ்சமம். பழைய சேடலில் அந்தப் பஞ்சமம் டி-யோடு சேராமல் அலையலையாக அடிக்கும். மேடையில் கீபோர்டும் டிரம்மும் சேர்ந்த சத்தத்தில் யாருக்கும் தெரியாது என்பார்கள். வாசிப்பவனுக்குத் தெரியும், பாடுகிறவருக்கும் தெரியும்.

ஆறு சேடல் பிரிட்ஜ் வாங்கினால் ஒவ்வொரு கம்பியையும் தனியாக நகர்த்தலாம். நான் அதை விரும்பவில்லை. இரண்டு கம்பி சேர்ந்து ஒரு பித்தளை உருளையை அழுத்துவதில் வரும் இறுக்கமும், மீட்டியவுடன் எழும் அந்தத் தெறிப்பும் எனக்கு வேண்டும். அதனால் சாய்த்துச் செய்த பித்தளைச் சேடல் மூன்றை 100 வெள்ளிக்குள் (ரிங்கிட்) வாங்கிப் போட்டேன். ஓரத்து இரண்டும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், நடுவில் இருப்பது எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். ஆறு கம்பியும் நூற்றுக்கு நூறு சரியாகிவிடும் என்று சொல்லமாட்டேன். அந்த மோகனத்துப் பஞ்சமம் சேர்ந்துவிட்டது, எனக்கு அது போதும். மொத்தச் செலவில் மிக அதிகப் பலன் கொடுத்தது நட் வேலையும் இந்தச் சேடலும்தான்.

ட்யூனிங் கீயைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தண்டின் நடுவில் ஓட்டையும் மேலே பிளவும் உள்ள பழைய வடிவத்தையே வைத்துக்கொண்டு, ஜப்பானின் கோட்டோ தயாரிப்புக்கு மாறினேன். கம்பி நுனி ஓட்டைக்குள் போய்விடுவதால் விரலில் குத்தாது. வாங்கும் முன் தலையில் உள்ள துளையின் அளவையும் கீகளுக்கு இடையே உள்ள தூரத்தையும் அளந்துகொள்ளுங்கள்.

நம் ஊர்க் காற்றுக்குத் தனியாகக் கணக்குப் போடவேண்டும். மத்தியானம் சுடச்சுட வெயில், சாயங்காலம் இடியோடு மழை. ஈரம் சாதாரணமாகவே 80 சதவீதத்தைத் தொடும். ஹோட்டல் மண்டபத்தின் ஏர்கானிலிருந்து குளிர்ந்த கிட்டாரை வெளியே எடுத்தால் இரும்பின் மேல் வியர்த்துவிடும். பெட்டியை உடனே திறக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே விட்டுவிடுவது நல்லது. சேடலின் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் சின்னத் திருகாணிகள்தான் முதலில் துருப்பிடிக்கும். கையின் வியர்வை நேராக விழும் இடம் அது. இறுகிவிட்டால் அப்புறம் சாவி நுழையாது. துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிக்கு மாற்றச் சில வெள்ளி போதும், கண்டிப்பாகச் செய்யுங்கள். படலம் பூசிய கம்பி விலை கூட என்றாலும் இங்கே அதுதான் கட்டுப்படியாகிறது. போட்டோகாரர்கள் கேமராவுக்கு வைத்திருக்கும் டிரை கேபினெட்டில் பெரிய அளவும் கிடைக்கிறது. அதில் 50 சதவீதத்தை ஒட்டி வைத்தால் கழுத்து நிதானமாக இருக்கிறது. அதற்கு முன் மழை மாதங்களில் கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் உள்கம்பியான டிரஸ் ராடை அடிக்கடி தொட வேண்டியிருந்தது.

மின்சார வேலைக்கு பூடு பக்கம் ஜாலான் பாசார் போனேன். கெப்பாசிட்டர், ஒயர், ஈயம், செப்புத் தாள் எல்லாம் அங்குள்ள கடைகளில் கிடைத்துவிடும். வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் இருக்கும் பொட் (திருப்பத் திருப்ப மின்தடை மாறும் பாகம்) வாங்கும்போது தவுக்கேயிடம், அதாவது கடைக்காரரிடம், 250 கிலோ ஓம், ஆடியோ டேப்பர் என்று தெளிவாகக் கேளுங்கள். இல்லாவிட்டால் லீனியர் வகை கையில் வரும், அது வால்யூமுக்குச் சரிப்படாது. நான் சிடிஎஸ் பொட் இரண்டை இணையத்தில் வரவழைத்தேன். தகட்டுத் துளைக்குள் நுழையும் அவற்றின் மரைபோட்ட பகுதி 9.5 மில்லிமீட்டர் தடிமன், ஆசியாவில் செய்யும் கிட்டார்களின் தகட்டில் துளை பெரும்பாலும் அதைவிடச் சின்னது. துளையை அரத்தால் பெரிதாக்கும்போது இரும்புத்தூள் பிக்கப்பின் காந்தத்தில் போய் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, தகட்டைத் தனியாகக் கழற்றிக்கொண்டு போய் ராவுங்கள்.

டோன் கெப்பாசிட்டரை வால்யூமின் வெளியே போகும் முனையில் இணைப்பது ஐம்பதுகளின் முறை. அப்படிச் செய்தால் வால்யூமைக் குறைத்தாலும் ஒலி மங்காது. பாடகர் சரணம் எடுக்கும்போது வால்யூமைப் பாதிக்கு இறக்கிப் பின்னால் நின்று வாசிக்கும் என்னைப் போன்றவர்களுக்கு இது பெரிய வரம். புதுப் பாகம் எதுவும் தேவையில்லை, ஒரு ஒயரை இடம் மாற்றிப் பற்றவைத்தால் முடிந்தது.

கிட்டாரின் உள்குழிகளில் செப்புத் தாள் ஒட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை. மேடை விளக்கின் டிம்மரிலிருந்து வரும் 'கிர்' சத்தம் இதனால் நன்றாகக் குறைந்தது. சிங்கிள் காயிலுக்கே உரிய 50 ஹெர்ட்ஸ் 'உம்' மட்டும் போகவில்லை. அது காந்தப்புலம் வழியாகச் சுருளுக்குள் நுழைவது, மெல்லிய செம்பு அதைத் தடுக்காது. இரண்டு பிக்கப்பும் சேர்ந்த நடு நிலையில் அது அடங்குகிறது, ஏனென்றால் என் கிட்டாரில் ஒன்றைத் தலைகீழாகச் சுற்றியிருக்கிறார்கள். ஐம்பதுகளின் அசலில் அந்த ஏற்பாடு கிடையாது.

கேபிள் செருகும் ஜாக்கையும் மாற்றிவிடுங்கள். பழைய முறையில் ஜாக் உட்கார்ந்திருக்கும் குவளையை உள்ளே ஒரு வளைந்த தகடு மரத்தைக் கவ்விப் பிடிக்கிறது. நாளடைவில் தளர்ந்து சுற்ற ஆரம்பிக்கும். வெளியிலிருந்தே இரண்டு திருகாணி போட்டு இறுக்கும் வகை கிடைக்கிறது. பாட்டின் நடுவில் ஒலி நின்றுபோகும் அபாயம் அதோடு தீர்ந்தது.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் பிக்கப்பைத் தொட்டேன். கழுத்துப் பக்கம் இருந்ததை அப்படியே விட்டுவிட்டேன். அதன் உருண்டையான ஒலி மெலடிக்கு அழகாக இருக்கிறது. பிரிட்ஜ் பிக்கப் சத்தத்தைக் கூட்டினால் வீறிடும். உள்ளே சுருள் ஆடுவதால் வரும் கோளாறு அது. மெழுகில் முக்கி எடுத்தால் சரியாகும். நான் சீமோர் டங்கன் ஒன்றை 400 வெள்ளியை ஒட்டிய விலைக்கு வாங்கினேன். வீறிடல் நின்றது, மேல்ஸ்தாயியில் கொஞ்சம் சதைப்பிடிப்பும் வந்தது. நல்ல மாற்றம்தான், ஆனால் விலையோடு பார்த்தால் சேடல் கொடுத்ததில் பாதிகூட இல்லை.

ஒரே ஒரு பிக்கப்பை மட்டும் மாற்றுகிறவர்கள் காந்தத்தின் திசையையும் சுற்றின் திசையையும் விற்பவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். பொருந்தாவிட்டால் நடு நிலையில் ஒலி ஒன்றையொன்று தின்று மெலிந்துபோகும். ஒயரை மாற்றிப் போட்டால் சரியாகும், ஆனால் அதற்கு முன் பிக்கப்பின் அடித்தகட்டை எர்த்தோடு சேர்க்கும் சின்ன இணைப்பைப் பிரித்துத் தனி ஒயர் கொடுக்க வேண்டும். இரண்டு பிக்கப்பையும் தொடராக இணைக்கும் நான்கு வழிச் சுவிட்ச் போட நினைப்பவர்களுக்கும் இதே வேலை கழுத்துப் பிக்கப்பின் உலோக மூடியில் இருக்கிறது. எனக்கு அந்தச் சுவிட்ச் தேவைப்படவில்லை.

பிரிட்ஜ் தகட்டின் ஓரம் எழுந்து நின்று உள்ளங்கையை உறுத்துகிறது என்று சிலர் அதை வெட்டிவிடுகிறார்கள். எனக்குப் பழகிவிட்டது, விட்டுவைத்தேன். வண்ணத்தையும் தொடவில்லை.

இப்போது மிச்சம் இருப்பது ஃபிரெட். வளைத்து வளைத்து வாசித்ததில் பி, ஜி கம்பிகளுக்குக் கீழே 5 முதல் 9 வரை பள்ளம் விழுந்திருக்கிறது. ஒரு முறை சமன்செய்ய உயரம் இருக்கிறது என்கிறார் செந்தூல் அண்ணன். அது தேய்ந்ததும் துருப்பிடிக்காத எஃகு ஃபிரெட் போடச் சொல்லியிருக்கிறேன். கூலி கூட, மேப்பிள் கழுத்தென்றால் மேல்பூச்சையும் திரும்ப அடிக்க வேண்டும். அதற்கான பணத்தை இப்போதிருந்தே எடுத்துவைத்து வருகிறேன்.