வி-கியூ ஸ்கேன்: மூச்சு விடச் சொல்லித் தருகிற சென்டராகப் பார்த்துப் போங்கள்

அம்மாவுக்குக் காலில் ரத்தம் கட்டி அது நுரையீரல் வரை போய்விட்டது, மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்ட பிறகும் மூச்சு வாங்குவது நிற்கவில்லை. கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) ஏறியிருப்பதால் டை ஏற்றி சிடி எடுக்க வேண்டாம், வி-கியூ (நுரையீரலில் காற்றும் ரத்தமும் எங்கெல்லாம் போகிறது என்று படம் பிடிக்கும் ஸ்கேன்) எடுத்து வாருங்கள் என்று கிருஷ்ணகிரியில் பார்க்கும் டாக்டர் எழுதிக் கொடுத்தார். பெங்களூரில் முதலில் ஒரு சென்டர், அது சரிவராமல் அப்புறம் இன்னொன்று. பெயர் போடவில்லை, நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

இந்த ஸ்கேனின் முதல் பாதி, காற்று எங்கெல்லாம் போகிறது என்று பார்ப்பது. டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருள் சேர்த்த டிடிபிஏ என்ற மருந்தை ஈயக் கவசத்துக்குள் இருக்கும் நெபுலைசரில் ஊற்றி, மூக்கில் கிளிப் மாட்டி, வாயில் குழாயை வைத்துச் சில நிமிடம் மூச்சு விடச் சொல்வார்கள். கப்பில் 30 மில்லிக்யூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) அளவுக்கு ஊற்றினாலும் நுரையீரலில் தங்குவது அரையிலிருந்து 1 மில்லிக்யூரிதான். மீதியெல்லாம் கப்பிலும் குழாயிலும் ஒட்டிக்கொள்ளும், இல்லையென்றால் மூச்சோடு வெளியே வந்து ஃபில்டரில் மாட்டும். துளி 2 மைக்ரானைத் தாண்டிப் பெரிதாகப் பெரிதாகத் தொண்டையிலும் பெரிய மூச்சுக்குழாயிலுமே படிந்துவிடும். அவசர அவசரமாக இழுத்தாலும் அதேதான். இவ்வளவு குறைவாக உள்ளே போகிற விஷயத்தில், பக்கத்தில் நிற்கும் டெக்னீசியனின் பொறுமைக்கு எவ்வளவு மதிப்பு என்று யோசித்துப் பாருங்கள்.

முதல் சென்டரில் குழாயைக் கொடுத்து "நல்லா இழுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்கள். உள்ளே வருவதற்கு முன் பல்செட்டைக் கழற்றச் சொன்னதால் அம்மாவுக்கு உதடு குழாயைக் கவ்வவே இல்லை, ஓரமாகப் புகை கசிந்துகொண்டிருந்தது. படத்தில் தொண்டையும், எச்சிலோடு விழுங்கியது போய்ச் சேர்ந்த வயிறும் பளிச்சென்று தெரிந்தன, நுரையீரல் மங்கல். ரிப்போர்ட்டில் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று எழுதிவிட்டார்கள். பணம் முழுசாகக் கட்டியாகிவிட்டது. எனக்கு இன்னும் அந்தக் கோபம் போகவில்லை.

இரண்டாவது இடத்தில் இருந்த டெக்னீசியன் பெண் முதலில் பல்செட்டை மாட்டச் சொன்னார். மருந்து ஊற்றாமலே கிளிப்பையும் குழாயையும் வைத்துப் பழக்கினார். "அம்மா, இழுக்க வேணாம், வீட்ல உக்காந்திருக்கிற மாதிரி சாதாரணமா விடுங்க" என்று பக்கத்திலேயே நின்றார். கடிகாரத்தைப் பார்த்து நிறுத்தவில்லை, கேமராவில் கவுண்ட் (உள்ளே போன மருந்திலிருந்து வரும் கதிர்களின் எண்ணிக்கை) போதுமான அளவு வந்த பிறகுதான் நிறுத்தினார். வாய் கொப்பளிக்க வைத்தார். அடுத்து ஊசி போட்டு எடுக்கும் ரத்த ஓட்டப் படத்துக்கும் அதே டெக்னீசியம்தான், அதனால் அதன் கவுண்ட் காற்றுப் படத்தைப் போல 3, 4 மடங்கு இருந்தால்தான் நுரையீரலில் இன்னும் தங்கியிருக்கும் முதல் மருந்து இந்தப் படத்தைக் குழப்பாது என்று, கேட்டதற்கு விளக்கமும் சொன்னார். படம் தெளிவாக வந்தது. ரத்த ஓட்டம் எங்கும் அடைபடவில்லை என்று ரிப்போர்ட், டாக்டர் இப்போது இதயப் பக்கம் பார்க்கிறார்.

குறை என்றால் காத்திருப்புதான், உட்காரும் இடமும் போதாது. டெக்னீசியம் 6 மணி நேரத்தில் பாதியாகிவிடும், அதனால் கொடுத்த நேரத்துக்குப் போய்விட வேண்டும். அத்திப்பள்ளி நெரிசலை மனதில் வைத்து விடிவதற்கு முன்பே கிளம்புங்கள். டெக்னீசியம் சேர்த்த நுண்ணிய கரித்துகளை மூச்சில் இழுக்க வைக்கும், ஆஸ்திரேலியாவில் வந்த டெக்னிகாஸ் முறையில் சில மூச்சிலேயே வேலை முடிந்துவிடும், அது இருக்கிறதா என்றும் போனில் கேளுங்கள். ரொம்ப மூச்சுத் திணறல் உள்ளவர்களுக்கு அதுதான் சுலபம்.